பிடிமண்ணும் எந்திரமும்: செயற்கை நுண்ணறிவுக் கலையில் மனித உணர்ச்சி

கேள்வியின் எல்லை

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உருவாக்கப்படும் படமும் பாட்டும் மனித உணர்ச்சியை வெளிப்படுத்த வல்லனவா என்ற கேள்வி, ஆய்வுக்கூடங்களைக் கடந்து, இன்று அச்சகத்திலும் போட்டோ ஸ்டுடியோவிலும் திரைப்பட இசைக்கூடத்திலும் கேட்கப்படும் கேள்வியாகிவிட்டது. 2018 அக்டோபரில் நியூயார்க் நகரில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம், பிரான்ஸ் நாட்டின் ஆப்வியஸ் என்ற குழு கணினி வழியே உருவாக்கிய ‘எட்மண்ட் டி பெலாமி’ என்னும் உருவப்படத்தை 4,32,500 டாலருக்கு விற்றபோது, அது பெரும்பாலோருக்கு ஒரு வேடிக்கைச் செய்தியாகவே இருந்தது. 2022 ஆகஸ்டில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்னும் படமாக்கும் மென்பொருள் பொதுமக்கள் கைக்கு வந்த பின்னர், தூரிகை பிடித்தறியாத ஒருவர் தம் விருப்பத்தைச் சில சொற்களில் தட்டச்சு செய்து வண்ணப்படம் பெறுவது எளிதாயிற்று. காதணி விழாப் பதாகை முதல் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி வரை, உணர்ச்சியைச் சொல்வதற்கென்றே அச்சிடப்படும் தாள்களில் அத்தகைய படங்கள் இடம்பெறத் தொடங்கின.

இக்கேள்விக்கு இருவகை விடைகள் வழக்கமாகத் தரப்படுகின்றன. எந்திரத்துக்குப் பசியும் இழப்பும் இல்லை, ஆகவே அதன் வழி வரும் எதிலும் உணர்ச்சி இருக்க இயலாது என்பது ஒரு விடை. பார்ப்பவர் கண் கலங்கினால் போதும், படம் எவ்வாறு பிறந்தது என்பது தேவையற்ற ஆராய்ச்சி என்பது மற்றொரு விடை. முதல் விடை படைக்கும் கருவியை மட்டும் நோக்குகிறது. இரண்டாம் விடை சுவைப்பவரை மட்டும் நோக்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையே உணர்ச்சி எவ்வழியாகப் பயணப்படுகிறது என்பதைத் தமிழ் இலக்கண மரபு நுட்பமாகப் பகுத்து வைத்திருக்கிறது. அப்பகுப்பைச் சோதித்துப் பார்ப்பதற்கு வேண்டிய சான்றுகள் குடுமியான்மலையின் பாறையிலும், சித்தன்னவாசலின் விதானத்திலும், அய்யனார் கோயில்களின் மண் குதிரைகளிலுமாகப் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே உள்ளன. அச்சான்றுகளைக் கொண்டு இக்கேள்வியை ஆராய்வதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

மெய்ப்பாட்டியல் தரும் அளவுகோல்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாவது இயல் மெய்ப்பாட்டியல் ஆகும். உள்ளத்தில் நிகழும் உணர்ச்சி உடம்பின் வழியே பிறருக்குப் புலப்படும் நிலையை மெய்ப்பாடு என்று வழங்கும் அந்நூல், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் பிறப்பதற்குரிய நான்கு காரணங்களையும் கூறுகிறது. இக்காரணங்களை நிலைக்களன் என்பர். அழுகை என்ற ஒன்றுக்கே, பிறரால் இகழப்படுதலாகிய இளிவு, உயிரையோ பொருளையோ இழத்தலாகிய இழவு, முன்னிருந்த நிலையிலிருந்து தளர்தலாகிய அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்கள் காட்டப்படுகின்றன. எட்டு மெய்ப்பாட்டுக்குமாக முப்பத்திரண்டு நிலைக்களன்கள் அமைகின்றன.

உரையாசிரியர்கள் இதற்கு மேலும் ஒரு பகுப்பைத் தருகின்றனர். இளம்பூரணர் உரையைத் தழுவிக் கூறுவதாயின், ஒருவன் புலியைக் கண்டு அஞ்சும்போது அங்கே நான்கு கூறுகள் உள்ளன. புலி சுவைப்படு பொருள். அதைக் கண்டது முதல் நீங்காது நிற்கும் அச்சம் சுவை. அவன் மயங்குவதும் மறைந்துகொள்ள முயல்வதும் குறிப்பு. உடல் நடுங்குவதும் வியர்ப்பதும் சத்துவம். சத்துவம் என்பதை விறல் என்றும் கூறுவர். இவற்றுள் சுவைப்படு பொருள் புறவுலகில் இருப்பது. சுவை உள்ளத்தில் இருப்பது. குறிப்பும் சத்துவமும் அவ்வுணர்ச்சி வெளியே தெரியும் வழிகள். கூத்தரின் அரங்கைக் கருத்தில் கொண்டு எழுந்த பகுப்பு இது என்பதால், நடிப்பவருக்கு உண்மையில் அச்சம் உண்டா என்ற கேள்வியும் இதனுள் அடங்கியிருக்கிறது. அரங்கில் புலி இல்லை; எனினும் நடுங்கிக் காட்டும் கூத்தன், அச்சம் இன்னதென்று தன் வாழ்வில் அறிந்தவன். அவன் நடுக்கத்தைக் காண்பவரும் அறிந்தவர். அவ்விருவரின் அறிவே மேடைக்கும் அவைக்கும் இடையே பாலமாகிறது.

செயற்கை நுண்ணறிவுக் கலையைப் பற்றிய விவாதங்கள் பலவும் இந்நான்கு கூறுகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் முடிவின்றி நீள்கின்றன. எந்திரம் எக்கூற்றைக் கையாள்கிறது, எக்கூறு மனிதரிடமே எஞ்சுகிறது என்று பிரித்துக் கேட்டால் விவாதம் தெளிவு பெறும்.

எந்திரம் கற்றுக்கொள்வது எது?

படமாக்கும் எந்திரங்கள் செயற்படும் முறையைச் சுருக்கமாக அறிதல் இங்குத் தேவை. முதலில் கோடிக்கணக்கான படங்களும், ஒவ்வொரு படத்தோடும் இணையத்தில் காணப்பட்ட விளக்கச் சொற்களும் திரட்டப்படுகின்றன. 2022இல் வெளியிடப்பட்ட லேயான்-5பி என்னும் தொகுப்பில் இத்தகைய இணைகள் ஏறத்தாழ 585 கோடி உள்ளன. அவற்றுள் 230 கோடிக்கு மேற்பட்டவற்றின் விளக்கம் ஆங்கிலத்தில் அமைந்தது. ஒவ்வொரு படத்தின் மீதும் படிப்படியாகப் புள்ளிக் குழப்பம் தூவப்பட்டு, அக்குழப்பத்தை நீக்கி மூலத்தை மீட்பது எப்படி என்பது எந்திரத்துக்குப் பயிற்றப்படுகிறது. பயிற்சி முடிந்தபின், வெறும் குழப்பத்தை மட்டும் கொடுத்து, கூடவே சில சொற்களையும் கொடுத்தால், அச்சொற்களுக்கு இணையாகத் தான் முன்பு கண்டவற்றின் போக்கில் குழப்பத்தை நீக்கி, எந்திரம் ஒரு புதுப் படத்தை எழுப்புகிறது. கொடுக்கப்படும் சொற்களைத் தூண்டுதொடர் எனலாம்.

இம்முறையில் எந்திரத்துக்குக் கிடைப்பது முழுவதும் மெய்ப்பாட்டின் புறக்கூறுகளே என்பது தெளிவு. கண்ணீர், வளைந்த புருவம், குனிந்த தலை, விரித்த கை ஆகியவை படத்தில் பதிகின்றன. அவை எக்காரணத்தால் எழுந்தன என்பது பதிவதில்லை, விளக்கச் சொற்களில் ஒரோவழி ஒட்டிக்கொண்டிருந்தாலன்றி. ஆகவே அழும் பெண் ஒருத்தியின் படம் வேண்டும் என்று கேட்டால், எந்திரம் தான் மிகுதியாகக் கண்ட வடிவத்தை நோக்கிச் சாய்ந்து, வெளிச்சம் படும் கன்னத்தில் ஒரு துளி நீர் உருளும் முகத்தைத் தருகிறது. இழவினால் வரும் அழுகைக்கு அது ஒருவாறு பொருந்தலாம். இளிவினால் வரும் அழுகைக்கு அது பொருந்தாது. ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு சொல் கேட்டு அவமானப்பட்டவள் கண்ணீரைக் காட்ட மாட்டாள். முந்தானையால் வியர்வையைத் துடைப்பதுபோல் முகத்தைத் துடைப்பாள், வேறு பக்கம் திரும்பி யாரையோ அழைப்பாள், கையிலிருக்கும் பாத்திரத்தைத் தேவைக்கு மேல் அழுத்தித் துலக்குவாள். அங்கு அழுகையின் அடையாளமே அழாதிருக்க எடுக்கும் முயற்சிதான். வறுமையின் அழுகையும் அசைவின் அழுகையும் அவ்வாறே தத்தமக்குரிய வேறுபட்ட உடல்மொழி கொண்டவை.

இவ்வேறுபாட்டை எந்திரத்திடமிருந்து வாங்கவே முடியாது என்பதில்லை. நிலைக்களனை அறிந்த ஒருவர் தூண்டுதொடரைத் திருத்தித் திருத்தி எழுதி, வந்த படங்களில் பொய்யானவற்றைத் தள்ளி, கண்ணீரை நீக்கி, முகத்தைத் திருப்பி, பாத்திரத்தைக் கையில் கொடுத்து, இறுதியில் தாம் அறிந்த அவமானத்துக்கு அருகில் நிற்கும் ஒரு படத்தைப் பெற இயலும். அப்போது அப்படத்தில் உள்ள உணர்ச்சி யாருடையது என்ற வினாவுக்கு விடை எளிது: தள்ளியவருடையது. முதலில் வந்த படத்தையே அழகாக இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டவருக்கு அவ்வுரிமை இல்லை. ஒரே எந்திரத்தைக் கையாளும் இருவருள் ஒருவர் உணர்ச்சியை வெளிப்படுத்தியவராகவும் மற்றவர் உணர்ச்சியின் சாயலை வாங்கியவராகவும் ஆவது இவ்வாறுதான்.

குடுமியான்மலை: சுரம் நின்றது, பாட்டு நிற்கவில்லை

புறவடிவத்தைத் துல்லியமாகப் பதிந்துவைத்தால் உணர்ச்சியும் உடன் பதியுமா என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் தரும் சான்று ஏறத்தாழ பதின்மூன்று நூற்றாண்டுப் பழமை உடையது. குடுமியான்மலையில், மேலைக்கோயில் என வழங்கும் குடைவரையை ஒட்டிய பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில் 38 வரிகளாக ஓர் இசைக் கல்வெட்டு வெட்டப்பட்டுள்ளது. 1904இல் கல்வெட்டுத் துறையினரால் படியெடுக்கப்பட்டு, பின்னர் எபிகிராபியா இண்டிகா தொகுதியில் வெளியிடப்பட்ட இக்கல்வெட்டு, உருத்திராசாரியர் என்பவரின் மாணவரான ஓர் அரசர், மாணவர் நலன் கருதிச் செய்ததாகத் தன்னையே அறிமுகம் செய்துகொள்கிறது. அவ்வரசர் மகேந்திரவர்மப் பல்லவரே என்று நெடுங்காலம் கூறப்பட்டது. அதை மறுப்போரும் உள்ளனர்.

மத்தியம கிராமம், ஷட்ஜ கிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிக மத்தியமம், கைசிகம் என்னும் ஏழு பிரிவுகளில், சுரங்கள் நான்கு நான்காகக் கோக்கப்பட்டு வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. சுர எழுத்துகள் ஒரே உயிரொலியில் நில்லாமல் ர, ரி, ரு, ரெ என்றாற்போல் மாறி மாறி வருகின்றன; சில எழுத்துகளின் மேல் புள்ளிகளும் இடப்பட்டுள்ளன. இறுதியில், இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியன என்ற கருத்தில் தமிழ்த் தொடர் ஒன்றும் உண்டு. இத்துணைக் கவனத்தோடு பதியப்பட்ட பின்னரும், அவ்வுயிரொலி மாற்றம் சுரத்தின் நுண்ணிய உயர்வு தாழ்வைக் குறிப்பதா, யாழ் நரம்பை மீட்டும் விரலைக் குறிப்பதா, புள்ளி எதைச் சுட்டுகிறது என்பவற்றில் இசையறிஞர்கள் ஒரு முடிவுக்கு வந்தாரில்லை. கல் ஓரெழுத்தையும் மறக்கவில்லை. அதைக் கேட்டுப் பாடிக் கற்ற மாணவர் வரிசை அறுந்துபோயிற்று. அதனோடு, இன்ன இடத்தில் நின்று இன்ன இடத்தில் குழைய வேண்டும் என்ற அறிவும் போயிற்று.

இக்கல்வெட்டின் சுர வரிசைகளை இன்று ஓர் இசையெந்திரத்துக்குக் கொடுத்தால், அது உடனே ஒலி வடிவம் தந்துவிடும். கேட்பதற்கு இனிமையாகவும் இருக்கலாம். ஆயினும் விடுபட்ட கமகம் என்னும் குழைவையும் நடையையும் அது தன் பயிற்சியில் கண்ட பிற்கால இசையிலிருந்தே நிரப்பும். கிடைப்பது குடுமியான்மலையின் பாட்டாக இராது. குடுமியான்மலையின் சுரங்களைக் கொண்ட இக்காலப் பாட்டாக இருக்கும். அதை அவ்வாறே பெயரிட்டு வெளியிடுதல் நேர்மையான கலைச்செயல். பண்டைப் பாட்டை மீட்டெடுத்துவிட்டதாகக் கூறுதல் பிழை.

இதே மண்ணில் வளர்ந்த தாள மரபும் இவ்வேறுபாட்டை விளக்கவல்லது. பலாக்கட்டை வளையத்தில் உடும்புத் தோல் போர்த்திய கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் பெற்றுத் தந்தவர் புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை; அவருடைய மாணவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை கஞ்சிராவிலும் மிருதங்கத்திலும் ஒருங்கே புகழ் பெற்றவர். புதுக்கோட்டை வழி என்று சொல்லப்படும் இம்மரபு கணக்குக்குப் பேர்போனது. ஒரு கோர்வை, அதாவது தாளச் சுற்றுக்குள் அடங்கி எடுப்பில் வந்து சேருமாறு அடுக்கிய சொற்கட்டு, முழுமையும் எண்கணக்கே ஆதலின், அத்தகைய கோர்வைகளைக் கணினி ஒரு நொடியில் நூற்றுக்கணக்கில் உண்டாக்கிவிடும். பாடுபவர் ஓர் அடியைக் கரைந்து பாடும்போது கையை நிறுத்திக்கொள்வதும், தனியாவர்த்தனத்தில் கணக்கு ஒன்று கைவசம் இருந்தும் அவையின் மனநிலை அறிந்து அதை விட்டுவிடுவதும் கணக்கில் சேராதவை. கணக்கு அறிந்தவர் பலருள் சிலரை மட்டும் மரபு நினைவில் வைத்திருப்பதற்கு இவ்வறிவே காரணம்.

சித்தன்னவாசல்: பெயரில்லாத ஓவியரின் தேர்வு

செயற்கை நுண்ணறிவுக் கலையை ஆதரிப்போர் முன்வைக்கும் வலுவான வாதம் ஒன்று உண்டு. பழங்காலக் கலையில் ஓவியரின் பெயரோ வாழ்வோ தெரியாமலேயே அவருடைய படைப்பு நெஞ்சைத் தொடுகிறது. ஆகவே படைத்தவரை அறிவது உணர்ச்சிக்குத் தேவையில்லை என்பது அவ்வாதம். சித்தன்னவாசல் அறிவர் கோயில் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகத் தோன்றும். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இச்சமணக் குடைவரையைப் புதுப்பித்தார் என்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது. ஓவியம் தீட்டியவர் பெயரைக் கூறவில்லை.

விதானத்தில் உள்ள தாமரைக் குளத்தைக் கூர்ந்து நோக்கினால் அவ்வாதம் மாறிப்போகிறது. இலையும் அரும்பும் மலரும் நெருங்கிய நீரில் மீன்களும் அன்னங்களும் யானைகளும் எருமைகளும் இருக்க, இடையே மலர் கொய்யும் மனிதர் தோன்றுகின்றனர். தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சமவசரணம் என்னும் தெய்வ அவையை நோக்கிச் செல்லும் அடியார், வழியில் கடக்கும் குளம் இது என்று சமண மரபைக் கொண்டு விளக்குவர். அவ்வாறாயின் துறவுக்குரிய மலைக்குகையின் கூரையில், மகிழ்ச்சி ததும்பும் உயிர்க் கூட்டத்தைத் தீட்டலாம் என ஒருவர் முடிவு செய்திருக்கிறார். உவகையையும் அமைதியையும் ஒரே நீர்ப்பரப்பில் வைத்திருக்கிறார். மலர் பறிக்கும் கையை முரட்டுத்தனமின்றி வளைத்திருக்கிறார். பெயர் தெரியாவிடினும் இவை ஒருவருடைய அல்லது ஒரு கூட்டத்தாருடைய தேர்வுகள். ஈரம் உலரும் சுண்ணப்பூச்சும் கல்லில் இழைத்த வண்ணங்களும் அவருக்கு விதித்த கட்டுப்பாடுகளுக்கு உள்ளேயே அத்தேர்வுகள் நிகழ்ந்தன. பார்ப்பவர் உணர்வது அத்தேர்வுகளையே.

காலத்தாலும் மனிதர் செய்த சேதத்தாலும் இவ்வோவியத்தின் பல பகுதிகள் அழிந்துவிட்டன. அழிந்த இடங்களை எந்திரத்தின் துணையால் நிரப்பிப் பார்க்கலாம் என்ற ஆசை எழுவது இயல்பு. எந்திரம் நிரப்பும், தான் மிகுதியாகக் கண்ட இந்தியச் சுவரோவியப் படங்களின் சாயலில் நிரப்பும். மாணவர் பார்வைக்குக் கணினித் திரையில் அவ்வாறு காட்டுவதில் தீங்கில்லை, எப்பகுதி எஞ்சியது, எப்பகுதி நிரப்பியது என்று கோடிட்டுக் காட்டினால். அக்கோடு அழிக்கப்பட்டால், ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியரின் வாயில் அவர் சொல்லாத சொல்லைத் திணித்ததாகும்.

புரவி எடுப்பு: உணர்ந்தவர் ஒருவர், செய்தவர் ஒருவர்

உணர்பவரே தம் கையால் செய்தால்தான் கலையில் உணர்ச்சி நிற்கும் என்று கூறுவோருக்குப் புதுக்கோட்டைச் சீமையின் அய்யனார் கோயில்கள் மறுமொழி தருகின்றன. மழை வேண்டியும், கால்நடை நோய் நீங்கவும், பிள்ளை பிறக்கவும் நேர்ந்துகொண்டவர்கள் அய்யனாருக்கு மண் குதிரை எடுக்கும் விழா புரவி எடுப்பு எனப்படும். நேர்ந்துகொண்டவர் மண் பிசைவதில்லை. குதிரை செய்பவர் வேளார். ஊர்ப் பெரியவர்கள் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து வேளாரிடம் கொடுப்பது பிடிமண் கொடுத்தல். அதைப் பெற்ற பிறகே வேலை தொடங்குகிறது. கால்களும் வயிறும் கழுத்தும் தனித்தனியே உள்ளீடற்றுச் செய்யப்பட்டு ஒட்டப்பட்டு, சூளையில் சுடப்பட்டு, வண்ணம் பூசப்படுகின்றன. விழா நாளில் வேளார் குதிரைக்குக் கண் திறக்க, மரியாதை பெற்றுக்கொள்ள, நேர்ந்தவர்களும் ஊராரும் குதிரையைத் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டு செல்கின்றனர். குளமங்கலத்துப் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் 30 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் குதிரைச் சிலைக்கு மாசி மகத்தன்று பக்தர்கள் காகிதப்பூ மாலைகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து சாத்துவதும் இவ்வேண்டுதலின் மற்றொரு வடிவமே.

வேளார் செய்த குதிரை நேர்ந்தவரின் அச்சத்தையும் நன்றியையும் வெளிப்படுத்துகிறது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆகவே உணர்ச்சியும் கைத்திறனும் வெவ்வேறு இடங்களில் இருக்கலாம் என்பதும், ஒருவரின் உணர்ச்சியை மற்றொருவரின் திறன் சுமக்கலாம் என்பதும் இம்மண்ணுக்குப் புதியன அல்ல. இதைக் கொண்டு, தூண்டுதொடர் எழுதுபவரை நேர்ந்துகொண்டவருக்கும் எந்திரத்தை வேளாருக்கும் ஒப்பிடத் தோன்றும். ஒப்புமை ஓரளவு செல்லும், பிறகு நின்றுவிடும். புரவி எடுப்பில் இருவரையும் பிணைப்பவை மூன்று. வேண்டுதலின் காரணம் வெளிப்படையாக உள்ளது. செய்தவர் யார் என்று ஊர் அறியும், அவருக்குரிய கூலியும் மரியாதையும் அவரைச் சேர்கின்றன. குதிரையின் பாரத்தை நேர்ந்தவர் தம் தோளில் ஏற்கிறார். எந்திரக் கலையில் காரணம் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. எந்திரத்துக்குப் பயிற்சிப் பொருளாகிய கோடிக்கணக்கான படங்களை வரைந்தோர் யாரென்று தெரிவதில்லை. அவர்களுக்குக் கூலியோ மரியாதையோ சேர்ந்ததுமில்லை. பாரத்தை ஏற்பவர் உண்டா என்பது ஒவ்வொரு படைப்பிலும் தனித்தனியே கேட்டறிய வேண்டியதாகிறது.

மறைந்தோரின் குரல்

இக்கேள்விகள் தமிழ்நாட்டில் மிகக் கூர்மையாக எழுந்த இடம் திரையிசை. ‘லால் சலாம்’ படத்துக்காக 2024 தொடக்கத்தில் வெளியான ‘திமிறி எழுடா’ பாடலில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவின் துணையோடு பயன்படுத்தினார்; குடும்பத்தாரின் இசைவு பெற்று, உரிய ஊதியமும் வழங்கப்பட்டதாக அவரே அறிவித்தார். அதே ஆண்டு ஜனவரி 25 அன்று காலமான பாடகி பவதாரிணியின் குரல், இவ்வாறே ஜூன் மாதம் வெளியான ‘சின்ன சின்ன கண்கள்’ பாடலில் ஒலித்தது. ‘தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ படத்துக்காக அதற்கு இசையமைத்தவர் அவர் தம்பி யுவன்சங்கர் ராஜா. இதற்கு மாறாக, 2023இல் வெளியான ‘கீடா கோலா’ என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் குடும்பத்தின் இசைவின்றி உருவாக்கப்பட்டதாகக் கூறி, அவருடைய மகன் எஸ்.பி. சரண் சட்ட அறிவிப்பு அனுப்பினார்.

குரலாக்க முறையில் வழக்கமாக உயிரோடுள்ள ஒருவர் முதலில் மெட்டைப் பாடுகிறார். எந்திரம் அப்பாட்டின் ஏற்ற இறக்கத்தையும் மூச்சையும் விட்டுவைத்து, குரலின் நிறத்தை மட்டும் மறைந்தவருடையதாக மாற்றுகிறது. குழைவும் நிறுத்தமும் ஒருவருடையவை; சாரீரம் மற்றொருவருடையது. இவ்வாறு பிரிப்பது தமிழ்த் திரைக்கு முற்றிலும் அயலானதன்று. புதுக்கோட்டை தந்த பி.யு. சின்னப்பா தாமே நடித்துத் தாமே பாடிய தலைமுறையைச் சேர்ந்தவர். 1944இல் வந்த ‘ஜகதலப்பிரதாபன்’ படத்தில் அவர் ஒரே காட்சியில் பல உருவங்களாகத் தோன்றிப் பாடுவதும் வாத்தியம் வாசிப்பதும் படக்கருவியின் உத்தியால் காட்டப்பட்டன. அத்தலைமுறைக்குப் பின் பின்னணிப் பாடகர் ஒருவரும் நடிகர் ஒருவருமாக ஓர் உணர்ச்சியைப் பகிர்ந்துகொள்வது இயல்பாயிற்று. அதை யாரும் பொய் என்று ஒதுக்கவில்லை. இன்று நேர்ந்துள்ள மாற்றம், பகிர்ந்துகொள்பவர்களுள் ஒருவருக்கு மறுக்கும் வாய்ப்பில்லை என்பதே. அதனால்தான் குடும்பத்தின் இசைவு இங்குச் சடங்காக இல்லாமல் கலையின் பொருளையே தீர்மானிப்பதாகிறது. அக்காவின் குரலைத் தம்பி மீண்டும் அழைக்கும் பாட்டில் கேட்பவர் உணர்வது இழவின் அழுகை. அதற்குரிய நிலைக்களன் அவ்வுறவிலேயே இருக்கிறது. உறவோ இசைவோ இல்லாத இடத்தில் அதே தொழில்நுட்பம் வெறும் போலிக்குரல் ஆகிவிடும்.

போட்டோ ஸ்டுடியோக்களில் நெடுநாளாகவே நடந்துவரும் ஒரு வழக்கமும் இங்குக் கருதத்தக்கது. திருமணத்துக்கு முன் தந்தையை இழந்த மணமக்கள், மேடைப் படத்தில் தந்தையின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை வெட்டி ஒட்டச் செய்வர். இப்போது எந்திரத்தின் உதவியால் அவர் கையுயர்த்தி வாழ்த்துவதாகவே அசையும் படம் செய்யப்படுகிறது. அது நிகழாத காட்சி என்பதை வீட்டிலுள்ள அனைவரும் அறிவர், அறிந்தே அழுகின்றனர். அங்கு யாரும் ஏமாற்றப்படவில்லை, நிலைக்களன் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது, படத்தைக் கேட்டவரே அதற்குப் பொறுப்பாளர். கலைத்திறனில் எளியதாயினும், மெய்ப்பாட்டியலின் அளவுகோலில் அது பல காட்சிக்கூடப் படங்களை விட முழுமையானது.

மாற்றப்பட்ட முடிவு

எதிர்மறைச் சான்றும் ஒன்று உண்டு. ஆனந்த் எல். ராய் இயக்கத்தில் தனுஷ் நடித்து 2013இல் வெளியான ‘ராஞ்ஜனா’ என்ற இந்திப் படம், தமிழில் ‘அம்பிகாபதி’ என்ற பெயர் பெற்றது. நாயகன் இறப்பதோடு முடிந்த அப்படத்தை, அதன் உரிமையைக் கொண்டிருந்த நிறுவனம், செயற்கை நுண்ணறிவால் அவன் பிழைத்தெழுவதாக முடிவை மாற்றி, 2025 ஆகஸ்டு 1 அன்று தமிழில் மறுவெளியீடு செய்தது. இயக்குநரும் நடிகரும் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தனர். மாற்றப்பட்ட சில நிமிடங்களில் முகமும் அசைவும் நடிகருடையவை போலவே இருந்திருக்கலாம். மகிழ்ச்சியான முடிவை விரும்பும் பார்வையாளரும் இருந்திருக்கலாம். ஆனால் இழவை நோக்கியே கட்டப்பட்ட ஒரு கதையில் இழவை நீக்கினால், முன்னிருந்த காட்சிகள் யாவும் தம் நிலைக்களனை இழக்கின்றன. அங்கு எந்திரம் உணர்ச்சியின் கருவியாகச் செயற்படவில்லை. நடித்தவரும் இயக்கியவரும் ஏற்காத ஓர் உணர்ச்சி அவர்கள் பெயரால் விற்கப்பட்டது. உரிமை ஆவணம் கையில் இருத்தல் வேறு, உணர்ச்சிக்குப் பொறுப்பாதல் வேறு என்பதை இந்நிகழ்வு தெளிவாக்கியது.

சட்டமும் இவ்விடத்தில் இன்னும் தடுமாறியே நிற்கிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கணினியால் ஆக்கப்பட்ட படைப்புக்கு அது உருவாகக் காரணமாயிருந்தவரையே ஆசிரியராகக் கருதுகிறது. இன்றைய எந்திரங்கள் வருமுன் எழுதப்பட்ட அவ்விதியில், காரணமாயிருத்தல் என்பது ஒரு சொல் தட்டுவதா, நூறு படங்களைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுப்பதா என்பது விளக்கப்படவில்லை. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 பிப்ரவரியில் ‘சாரியா ஆஃப் தி டான்’ என்ற சித்திரக்கதை நூலில் எந்திரம் ஆக்கிய படங்களுக்கு உரிமை மறுத்து, எழுத்துக்கும், படங்களைத் தேர்ந்து அடுக்கிய முறைக்கும் உரிமை அளித்தது. மனிதர் செய்த தேர்வைத் தனியே பிரித்து மதிக்க வேண்டும் என்ற எண்ணம் அம்முடிவில் இருக்கிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், எந்திரம் மெய்ப்பாட்டின் புறக்கூறுகளைத் திறம்படக் கையாள்கிறது என்பதும், சுவைப்படு பொருளை அறிதலும் சுவையும் மனிதரிடமே இருந்தாக வேண்டும் என்பதும் பெறப்படும். புறக்கூறு மட்டும் எஞ்சினால் என்ன நேரும் என்பதைக் குடுமியான்மலை காட்டுகிறது. பெயர் மறைந்தாலும் தேர்வு மறையாது என்பதைச் சித்தன்னவாசல் காட்டுகிறது. பிறர் கையால் செய்வித்த கலையும் தன் உணர்ச்சியாக இருக்கலாம், அதற்குரிய கடன்களைச் செலுத்தினால் என்பதைப் புரவி எடுப்பு காட்டுகிறது. ஆகவே செயற்கை நுண்ணறிவைக் கலைஞர் தொடலாகாது என்று விலக்குவதற்கும் இடமில்லை. தொட்டவரெல்லாம் கலைஞர் என்று கொண்டாடுவதற்கும் இடமில்லை.

எந்திரத்தின் துணையோடு படமோ பாட்டோ செய்பவர், தம் படைப்போடு மூன்று செய்திகளை எழுதி வைக்கும் வழக்கத்தை மேற்கொள்ள வேண்டும்: இது எந்த நிலைக்களனில் பிறந்தது, இதற்காக யாருடைய குரலும் கையும் எடுத்துக்கொள்ளப்பட்டன, அவர்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா. பள்ளி ஓவியப் போட்டியிலும், கல்லூரி இதழிலும், ஊர்த் திருவிழாப் பதாகையிலுமே இவ்வழக்கத்தைத் தொடங்கிவிடலாம். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இம்மூன்றுக்கும் விடை சொல்ல முடியாத படைப்பு அழகியதாக இருக்கலாம், வியப்புக்குரியதாகவும் இருக்கலாம். அதை மனித உணர்ச்சியின் வெளிப்பாடு என்று ஏற்க வேண்டிய கடமை எந்த அவைக்கும் இல்லை.